எறிந்த பொருள் யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன் நமது வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பஞ்ச கல்யாணப் பெருவிழாவை முன்னிட்டு ஜினாலயத் திருப்பணி நடைபெற்றது. கோபுரத்திற்கு வண்ணம் தீட்டப்பட்டது. தரைக்கற்கள் ஆசிட் ஊற்றிக் கழுவப்பட்டன. பழைய டியூப் லைட்டுகளை அகற்றி எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினர். ஒலிபெருக்கிக்கென வைத்திருந்த பேட்டரிகள் இரண்டும் மாற்றப்பட்டன. விழாவுக்கு முதல்நாள் மாலை, திருச்சுற்றைத் துப்புரவு செய்யும் அவசரத்தில், மிச்சமிருந்த பெயிண்ட் டப்பாக்கள், தின்னர் பாட்டில்கள், ஆசிட் கேன், நாற்பதுக்கு மேற்பட்ட டியூப் லைட்டுகள், பேட்டரிகளில் ஒன்று ஆகிய அனைத்தும் ஆலயத்தின் பின்புறமிருந்த பாழுங்கிணற்றில் போடப்பட்டன. மற்றொரு பேட்டரியைப் பழைய இரும்பு வியாபாரி விலைக்கு எடுத்துக்கொண்டார். அத்தொகை ஆலய உண்டியலில் சேர்க்கப்பட்டது. இவற்றைச் செய்யச் சொன்னவர்களுள் நாமும் இருந்தோம்.

விழா இனிது நிறைவேறிய மூன்றாம் நாள், அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இதையெல்லாம் எந்தச் சமிதியின்படி போட்டீர்கள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பாடசாலைப் பிள்ளைகளிடம் பாடம் கேட்பது போலவே கேட்டார். கூடியிருந்தோர் நகைத்தனர்; நாமும் நகைத்தோம். ஆனால் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

ஐந்து சமிதிகளை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. பார்த்து நடப்பது, அளந்து பேசுவது, ஆராய்ந்து உண்பது, கவனித்து எடுத்து வைப்பது என்னும் நான்கினையும் சொற்பொழிவுகளில் அடிக்கடி கேட்கிறோம். ஐந்தாவதாகிய உத்சர்க்க சமிதியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மலசலம் முதலிய உடற்கழிவுகளை எங்கே, எவ்வாறு நீக்குவது என்பது அதன் பொருளாதலின், அவையில் அதை விரித்துரைக்கக் கூச்சம் போலும். ஆயினும் வட்டகேரர் இயற்றிய மூலாசாரம் அதனை விடவில்லை. கழிவை விடும் இடம் தனித்ததாக, உயிர்கள் அற்றதாக, ஊருக்குத் தொலைவானதாக, மறைவானதாக, அகன்றதாக, பிறருடைய விரோதத்திற்கு இடமில்லாததாக இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. கடைசியாகச் சொன்னதற்குப் பின்னர் வருவோம்.

'சமிதிகள் முனிவர்க்குரியவை; இல்லறத்தார் அணுவிரதங்களோடு நிற்பவர்; அவர்களை இவற்றால் அளக்கலாமா?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. இல்லறத்தார் முனிவரைப் போல் ஒழுக வேண்டுமென்று நாம் கூற வரவில்லை. ஆனால் முனிவரிடம் இருப்பவை எவை? மயிற்பீலியும் கமண்டலமும் சுவடியுமே. அவர் விடும் கழிவு சில நாட்களில் மண்ணோடு மண்ணாகிவிடும். அத்துணைச் சிறிய கழிவுக்கே இத்தனை நிபந்தனை விதித்த ஆசாரியர்கள், நூற்றாண்டு கழிந்தும் நஞ்சாகவே கிடக்கும் கழிவை வீட்டுக்கு வீடு உண்டாக்கும் நம்மைக் கண்டிருந்தால் என்ன விதித்திருப்பார்கள்? சிராவகனுக்கு விலக்கு உண்டு. அது பொருள்களை வைத்திருப்பதற்கான விலக்கு. கண்ணை மூடிக்கொண்டு அவற்றை எறிவதற்கும் அது பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயவிருப்பது.

தீப்பற்றுவது, அரிப்பது, பிறவற்றோடு சேர்ந்தால் வெடிப்பது அல்லது நச்சுப்புகை கக்குவது, உடலில் சேர்ந்து நஞ்சாவது ஆகிய நான்கு குணங்களில் ஒன்றேனும் உடைய கழிவை ஆபத்தான கழிவு என்கின்றனர். தின்னர் முதல் வகை, ஆசிட் இரண்டாம் வகை. இவற்றின் தீமை பெரிதாயினும், எரிந்தோ நீர்த்தோ ஒரு காலத்தில் தீர்ந்துபோகக்கூடியது. ஈயம், பாதரசம், குரோமியம் போன்றவற்றின் நிலை வேறு. இவை மூலப்பொருள்கள். நெருப்பிலிட்டாலும் மண்ணில் புதைத்தாலும் கடலில் கரைத்தாலும் ஈயம் ஈயமாகவே இருக்கும். இதனை விளங்கிக்கொள்வதற்கு நமக்கு விஞ்ஞான நூல் வேண்டியதில்லை. திரவியம் அழிவதில்லை, பரியாயமே தோன்றி மறைகிறது என்று சிறு வயது முதல் ஓதி வருகிறோம். புத்கலத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக அறிந்த நாம், குப்பைத் தொட்டியின் விளிம்பைத் தாண்டியதும் பொருள் இல்லாமலே போய்விடுகிறது என்பதுபோல் நடந்துகொள்வது விந்தையே.

இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பகுதியில் குரோமேட்டு உப்புகளை உற்பத்தி செய்த ஆலை ஒன்று இருந்தது. நம் மக்கள் மிகுந்து வாழும் ஆரணி வட்டாரத்திலிருந்து அது தொலைவன்று. குரோமியக் கனிமத்தைச் சோடா உப்போடு சேர்த்துச் சூளையில் வறுத்து, அதிலிருந்து உப்பை நீரால் பிரித்தெடுத்தபின் எஞ்சும் சக்கையை ஆலை தன் வளாகத்திலேயே குவித்து வந்தது. 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. குவியல் மட்டும் நின்றது. அதன் அளவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். சக்கையில் தங்கிய குரோமியம், 'ஆறு இணைதிறன்' நிலை என்று வேதியியலார் கூறும் நிலையில் உள்ளது. அது நீரில் எளிதில் கரையும், தோலைப் புண்ணாக்கும், தூசியாய்ச் சுவாசத்தில் நெடுங்காலம் சேர்ந்தால் நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். மழை பெய்யும்போதெல்லாம் குவியலிலிருந்து மஞ்சள் நிற நீர் ஒழுகி நிலத்தடியில் இறங்கிற்று. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று, உலகிலேயே மிகவும் மாசுபட்டவையெனப் பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது இராணிப்பேட்டையும் அதில் இடம்பெற்றது. ஆலை மூடி இருபது ஆண்டுகள் கழிந்த பின்பும் குவியல் அங்கேயே கிடந்தது. இரும்பு சல்பேட்டைக் கலந்தால் அந்தக் குரோமியம் எளிதில் கரையாத, நச்சு குறைந்த நிலைக்கு மாறும் என்பது வேதியியலார் நெடுநாளாக அறிந்ததே. வழி தெரியாமையால் தடைப்பட்டதன்று அப்பணி. யார் செலவில் செய்வது என்பதில்தான் தடைப்பட்டது. உடையவன் போய்விட்டான், உடைமை மட்டும் நிற்கிறது.

இதைப் படிக்கும் நம் சமூகத்தார் சிலர் மனத்தில் ஓர் ஆறுதல் எழலாம். குரோமிய உப்பின் பெரும்பகுதி தோல் பதனிடுவதற்கே செல்கிறது. நாமோ தோலைத் தீண்டுவதில்லை. ஆகவே அம்மஞ்சள் நீரில் நமக்குப் பங்கில்லை என்பதே அவ்வாறுதல். நாமும் நெடுநாள் அப்படியே எண்ணியிருந்தோம். ஆனால் ஈயக் குரோமேட்டு என்னும் பொருள் மஞ்சள் பெயிண்டுகளில் நெடுங்காலம் பயன்பட்டு வந்த நிறமி. நம் வாகனங்களிலும் குழாய்களிலும் மின்னும் முலாமும் குரோமியமே. தோலை விலக்கிய கையால் பெயிண்ட் டப்பாவைத் திறந்திருக்கிறோம். தீண்டாமல் இருந்துவிட்டோம் என்று பெருமை கொள்ள இக்காலத்தில் இடம் மிகக் குறுகியது.

இனி, உண்டியலில் சேர்ந்த அந்தப் பேட்டரித் தொகையைப் பற்றி. வேண்டாத பொருளை வாங்கிச் செல்ல ஒருவர் வந்தார், அவருக்கும் பிழைப்பு, நமக்கும் ஆதாயம். இதில் என்ன குற்றம் என்று தோன்றும். பேட்டரியின் எடையில் பெரும்பகுதி ஈயம். ஈயம் 327 பாகை வெப்பத்தில் உருகிவிடும். சாதாரண அடுப்பு நெருப்பே போதும். ஆகவே கொல்லைப்புறங்களில் பேட்டரியை உடைத்து, அமிலத்தைத் தரையில் கொட்டிவிட்டு, இரும்புச் சட்டியில் ஈயத்தை உருக்கி எடுக்கும் தொழில் ஏழை நாடுகள் பலவற்றிலும் நடைபெறுகிறது. ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரின் புறநகராகிய தியாரோயே சூர் மேரில் இவ்வாறு தொழில் செய்தோர் வாழ்ந்த பகுதியில், 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான சில மாதங்களில் 18 குழந்தைகள் மாண்டனர். ஈயம் கலந்த தெருமண்ணில் விளையாடியதும், அத்தூசியைச் சுவாசித்ததுமே காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. மாளாத குழந்தைகளுக்கும் ஈயம் மூளையின் வளர்ச்சியைக் குன்றச் செய்துவிடும். இவ்வளவுக்குக் கீழ் இருந்தால் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை.

சமந்தபத்திராசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்த தண்ட விரதத்தை விளக்குமிடத்து, ஹிம்ஸா தானம் என ஒன்றைக் கூறுகிறார். கோடரி, வாள், நெருப்பு, நஞ்சு, விலங்கு போன்ற கொலைக் கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தலே அது. தான் கொல்லாவிடினும், கொல்லும் பொருளைக் கைமாற்றியதும் சிராவகனுக்குக் குற்றமென்று அவர் கொண்டார். பேட்டரியை வாங்கிச் சென்றவர் அதனை முறையான உருக்காலைக்குக் கொண்டு சென்றாரா, யாருடைய கொல்லைக்குக் கொண்டு சென்றார் என்று நாம் கேட்கவில்லை. எடை போட்டார், காசு கொடுத்தார், வாங்கிக்கொண்டோம். நஞ்சைக் கொடுத்ததோடு அதற்கு விலையும் பெற்று, அதை இறைவன் சந்நிதியில் சேர்த்தோம். இதை எழுதும்போது நமக்கு நாணமாகத்தான் இருக்கிறது.

'தீங்கு செய்யும் எண்ணம் இல்லையே. அறியாமல் செய்ததற்கு வினை ஒட்டுமா?' என்பது அடுத்த கேள்வி. குந்தகுந்தாசாரியர் பிரவசனசாரத்தில் இதற்குத் தந்த விடை கடுமையானது. உயிர் மாய்ந்தாலும் மாயாவிட்டாலும், முயற்சியோடு கூடிய ஒழுக்கமில்லாதவனுக்கு ஹிம்சை உறுதி. கவனத்தோடு ஒழுகுபவனுக்கோ, உயிர் மாய்ந்த அளவாலேயே பந்தம் இல்லை என்பது அவர் துணிபு. நாம் போட்ட கழிவால் ஓர் எறும்பேனும் இறந்ததா என்பது கேள்வியே அன்று என்றாகிறது. பார்த்தோமா என்பதே கேள்வி. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நமது முன்னோர்க்குப் பார்ப்பதற்குக் கண் போதுமாயிருந்தது. புழு நெளிகிறதா, ஈரம் உண்டா, புல் முளைத்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். டியூப் லைட்டில் உள்ள சில மில்லிகிராம் பாதரசத்தைக் கண்ணால் காண இயலாது. அது உடைந்ததும் ஆவியாகி மணமின்றிப் பரவும். நீர்நிலையின் சேற்றில் சேர்ந்தால் நுண்ணுயிர்களால் இன்னும் கொடிய நஞ்சாக மாறி, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் அதனை உண்ணும் பறவைக்கும் ஏறிக்கொண்டே செல்லும். 'நாம் மீன் உண்பதில்லையே' என்று நம்மவர் ஒருவர் கூறக் கேட்டோம். மீன் ஐந்தறிவுயிர் என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டியதாயிற்று. எனவே, பார்த்துப் போடுதல் என்பது இக்காலத்தில் படித்து அறிந்து போடுதல் என்றே பொருள்படும்.

இப்போது மூலாசாரம் கடைசியில் கூறிய நிபந்தனைக்கு வருவோம். அவ்விடத்தார் விரோதம் கொள்ளாத இடம். 1986இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக் குப்பையை எரித்த சாம்பல் ஏறத்தாழ 14,000 டன் 'கியான் ஸீ' என்னும் கப்பலில் ஏற்றப்பட்டது. இறக்க அனுமதிக்கும் நாடு கிட்டாமல் கப்பல் கடல் கடலாக அலைந்தது. 1988 ஜனவரியில் ஹெய்ட்டி நாட்டில், உரமென்று கூறி ஏறத்தாழ 4,000 டன்னைக் கரையில் கொட்டினர். உண்மை வெளிப்பட்டு, திரும்ப அள்ளுமாறு அரசு ஆணையிட்டதும் கப்பல் நழுவிவிட்டது. பிறகு அதன் பெயர் ஒருமுறைக்கு இருமுறை மாறியது. மீதிச் சாம்பல் நடுக்கடலில் கொட்டப்பட்டது. ஹெய்ட்டிக் கரையில் கிடந்ததோ 2000இல் அள்ளப்பட்டு, 2002இல் பென்சில்வேனியா மாநிலத்திலேயே புதைக்கப்பட்டது. பிலடெல்பியா இருப்பதும் அம்மாநிலத்தில்தான். பதினாறு ஆண்டு அலைந்து, புறப்பட்ட வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது சாம்பல்.

இத்தகைய செயல்களைத் தடுக்கவே 1989இல் பேசல் நகரில் உடன்படிக்கை உருவாகி, 1992இல் நடைமுறைக்கு வந்தது. பெறும் நாட்டிற்கு முன்கூட்டியே அறிவித்து, எழுத்து மூலம் இசைவு பெற்ற பின்னரே ஆபத்தான கழிவை அனுப்பலாம் என்பது அதன் உயிர்நாடி. மூலாசாரத்தின் அந்த ஒரு சொல்லுக்கு நாடுகள் இவ்வளவு காலம் கழித்து வந்து சேர்ந்தன என்று நாம் மகிழலாம். ஆனால் நாட்டுக்குள்ளே இசைவு கேட்பவர் யார்? 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்த போபால் ஆலையில் எஞ்சியிருந்த கழிவில் 337 டன், நாற்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் மூடிய வண்டிகளில் பீதம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டது. பீதம்பூர் மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தனர். நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அவ்வாண்டு நடுப்பகுதிக்குள் அது எரிக்கப்பட்டது. எரிந்தபின் எஞ்சிய சாம்பல், எரித்த கழிவைவிட எடை மிகுந்திருந்தது. புகையின் நஞ்சை அடக்கச் சேர்த்த சுண்ணாம்பு முதலியனவும் அதில் அடங்கும். அச்சாம்பலை எங்கே புதைப்பது என்பது மீண்டும் நீதிமன்றத்துக்குச் சென்றது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று நம்மால் எளிதில் கூற இயலவில்லை. போபாலில் விட்டிருந்தால் அங்குள்ளோர் கிணறுகளுக்குத் தீங்கு. பீதம்பூருக்குக் கொண்டு சென்றால் இங்குள்ளோர்க்கு அச்சம். உயிரற்ற இடம், மறுப்பில்லாத இடம் என்று நூல் கூறும் இடம் இக்கழிவுக்கு இப்பூவுலகில் இல்லை என்பதே நமக்குத் தோன்றுகிறது. கும்மிடிப்பூண்டியில் ஆலைக்கழிவுகளுக்கென அமைந்தது போன்ற, அடியில் கசியாத விரிப்பிட்டு மேலே மூடிக் காவல் காக்கும் குழிகள் உள்ளதில் நல்ல வழி. நல்ல இடம் என்று அவற்றைச் சொல்லிவிட முடியாது. அங்கும் சுற்றிலும் ஊர்கள் உள்ளன. இடம் இல்லாத கழிவை உண்டாக்கும் பொருளை வாங்குமுன் ஒருகணம் நிற்கலாமே என்ற எண்ணம் இங்குதான் எழுகிறது. பரிக்கிரக பரிமாணத்திற்கு நாம் இதுவரை இந்தக் காரணத்தைச் சொல்லிக் கேட்டதில்லை.

வீட்டில் செய்யத்தக்கன சில. பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்து, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதைத் திரும்பப் பெறும் கடமை கடைக்காரர்க்கு 2001ஆம் ஆண்டு விதிகளிலேயே வகுக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் விதிகள் உற்பத்தியாளர் பொறுப்பை மேலும் அழுத்தமாகக் கூறுகின்றன. பழைய இரும்புக் கடையில் சற்று அதிக விலை கிடைக்கும். அந்த அதிகத்தில்தான் தீங்கு இருக்கிறது. டியூப் லைட்டோ பாதரச வெப்பமானியோ உடைந்தால் குழந்தைகளை வெளியேற்றி, சன்னல்களைத் திறந்து, சிறிது நேரம் கழித்து, துடைப்பம் தொடாமல் தடித்த அட்டையால் வாரி மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் இட வேண்டும். துடைப்பம் பாதரசத்தைச் சிதறடிக்கும். கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருசேர ஊற்றினால் குளோரின் வாயு எழும். இதனால் மூச்சுத் திணறியோர் பலர். மண்ணெண்ணெய், தின்னர் முதலியவற்றைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைத்தலாகாது. உழவுத்தொழில் செய்வோர் பூச்சிமருந்து டப்பாவை மும்முறை கழுவி, கழுவிய நீரையும் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றி, டப்பாவைத் துளையிட்டுவிட வேண்டும். இல்லையேல் அதில் எவரேனும் எண்ணெயோ தண்ணீரோ பிடிப்பர். நம்மவர் பூச்சிமருந்து தெளிக்கலாமா என்பது இதைவிடப் பெரிய கேள்வி. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். எதையும் கொளுத்திவிடுவது நம் ஊர்களில் பெருவழக்கு. பிளாஸ்டிக்கும் பெயிண்ட் டப்பாவும் எரியும் புகை போகும் திசையில் யாரோ ஒருவர் வீடு இருக்கத்தான் செய்யும்.

பெரியவர் கேட்டுச் சென்ற மறுவாரமே கிணற்றிலிருந்தவற்றை எடுத்துவிடத் தீர்மானித்தோம். கூலியாள் ஒருவரைப் பேசி, இடுப்பில் கயிறு கட்டி இறக்க ஏற்பாடாயிற்று. பொறியியல் படித்த இளைஞர் ஒருவர் அவ்வழியே வந்தவர் ஓடிவந்து தடுத்தார். தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. கிணற்றின் அடியில் தங்கியிருக்கும். இறங்குபவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார் என்றார். பரிகாரம் செய்யப்போன இடத்திலும் பார்க்காமலே ஓர் உயிரை இறக்கவிருந்தோம். அவருக்குக் கூலியும் பேசி முடித்திருந்தோம்.

பின்னர்ப் பாதாளக்கரண்டியை மேலிருந்தே விட்டு, இரண்டு நாட்கள் முயன்று பேட்டரியையும் ஆசிட் கேனையும் பெரும்பாலான டப்பாக்களையும் எடுத்தோம். பேட்டரி கடைக்குத் திரும்பிற்று. மற்றவற்றை மூடி போட்ட இரும்புப் பீப்பாயில் இட்டுப் பூட்டி, முறையாகக் கையாளும் நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். அதற்கான செலவு பேட்டரி விற்ற தொகையைப் போலப் பன்மடங்கு ஆயிற்று; திருப்பணிக் கணக்கில் எழுதாமல் நாமே பகிர்ந்துகொண்டோம். டியூப் லைட்டுகள் விழுந்தபோதே நொறுங்கிவிட்டிருந்தன. சேற்றில் கலந்த அத்துகள்களை எடுக்க இயலவில்லை.

கிணற்றின்மேல் இப்போது சிமெண்டுப் பலகை மூடியிருக்கிறது. சென்ற ஆண்டு நல்ல மழை பெய்து, பல ஆண்டுகளுக்குப் பின் அதில் நீர் ஊறியிருப்பதாகப் பெரியவர் கூறினார். அவருடைய இளமையில் அபிஷேகத்திற்கு அக்கிணற்று நீரைத்தான் எடுப்பார்களாம். இப்பொழுது தெருக்குழாயிலிருந்து குடத்தில் பிடித்து வருகிறார்கள்.